நடக்கும் கால்கள் காக்கும் இதயம்

(திருவிழாவையொட்டி சிம்பாங் அம்பாட்டில் நமது ஆலய மண்டபத்தில் நடைபெற்ற சுகாதார விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



திருவிழாக் காலத்தில் நோயைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆயினும் நம் குடும்பங்கள் அனைத்தும் ஓரிடத்தில் கூடும் நாள் இதுவே. நாற்பத்தைந்து, ஐம்பது வயதில், பிள்ளைகள் இன்னும் பள்ளியில் பயிலும் பருவத்தில், குடும்பத் தலைவர் மாரடைப்பால் திடீரென மறைந்துபோகும் துயரத்தை நம் வட்டாரத்தில் பலமுறை கண்டுவிட்டோம். அத்தகைய சாவுகளில் பலவற்றைத் தள்ளிப்போட முடியும், சிலவற்றைத் தவிர்க்கவே முடியும் என்பதை எடுத்துரைக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நிலவரம் என்ன?

மலேசியப் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் மருத்துவச் சான்று பெற்ற மரணங்களில் 17 விழுக்காடு, இதயத்திற்கு இரத்தம் செல்லும் குழாய்கள் அடைபடுவதால் நேர்ந்தவை. அவ்வாண்டில் முதலிடம் பெற்ற மரணக் காரணம் அதுவே. சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. அதாவது, இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர்! நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகுதி என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே ஆய்வு, வயது வந்தோரில் நால்வரில் ஒருவர் போதிய உடலுழைப்பின்றி வாழ்வதையும் காட்டியது. 2023ஆம் ஆண்டின் ஆய்விலோ பாதிக்கும் மேற்பட்டோர், 54.4 விழுக்காட்டினர், மிகையான உடல் எடை கொண்டிருந்தனர்.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் மருத்துவ அறிஞர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த பேராய்வு ஒன்றின் முடிவு 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புகைத்தல், கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, மது, உடலுழைப்பின்மை என்னும் ஒன்பது காரணங்களே உலகில் நேரும் முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதற்கு விளக்கம் தருகின்றன என்று அது கூறியது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாட்டினருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது என்பதும், பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 வயதில்தான் வருகிறது என்பதும் அதே ஆய்விலிருந்து தெரியவந்தன. இந்த ஆறாண்டு வேறுபாட்டை நம் தலைவிதி என்று ஒதுக்கிவிடலாகாது. நமக்கு அது முன்னதாக வருவதற்குப் பெருங்காரணம், மேற்சொன்ன தீங்குகள் நம்மை இளவயதிலேயே பற்றிக்கொள்வதுதான். அவற்றுள் பெரும்பாலானவை நம் கைக்குள் அடங்கியவை.

தோட்டம் போயிற்று, நடையும் போயிற்று

செபராங் பிறையின் தென்பகுதி ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களாகவும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களாகவும் விளங்கியதை மூத்தோர் நினைவுகூர்வர். நம் பாட்டன் பாட்டியர் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, நிரை பிடித்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமும் கடந்து நடந்தவர்கள். கடைக்கும் நடை, கோயிலுக்கும் நடை. அவர்கள் பட்ட வறுமையையும் மலேரியாவையும் மறந்து அந்த வாழ்வைப் பொற்காலம் என்று புகழ நான் வரவில்லை. ஆனால் உடற்பயிற்சி என்ற சொல்லே அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இன்றோ தோட்டங்கள் இருந்த இடத்தில் தாமான்கள் எழுந்துள்ளன. புக்கிட் மின்யாக், பத்து காவான் தொழிற்பேட்டைகளில் நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். பலருக்கு நாற்காலியிலேயே பன்னிரண்டு மணி நேரம் கழிகிறது. 2014ஆம் ஆண்டில் இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபின் தீவுக்குச் செல்வதும் எளிதாயிற்று. அந்த 24 கிலோமீட்டரை அமர்ந்தபடியே கடந்துவிடுகிறோம். இருநூறு மீட்டர் தொலைவில் உள்ள கடைக்கும் மோட்டார் சைக்கிள் வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. ஆனால் உணவு மட்டும் பாட்டனார் உண்ட அளவிலேயே இருக்கிறது. இன்னும் சொன்னால், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்கும் ரொட்டி சானாயும் கூடுதலாகச் சேர்ந்துவிட்டன. உழைப்பு குறைந்து உணவு குறையாதபோது எஞ்சுவது எங்கே போகும்? இடுப்பைச் சுற்றியும் இரத்தக் குழாயின் உட்சுவரிலும் படியும்.

இதயத்தின் வேலை

நம் இதயம் ஏறக்குறைய நம் கைப்பிடி அளவே உடையது. நிமிடத்திற்கு 70 முறை துடித்தால் ஒரு நாளில் ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. உடலுக்கெல்லாம் இரத்தம் அனுப்பும் இத்தசைக்குத் தேவையான இரத்தமோ மெல்லிய இரு குழாய்களின் வழியாகவும் அவற்றின் கிளைகள் வழியாகவும்தான் வந்துசேர்கிறது. இளமையிலேயே தொடங்கும் கொழுப்புப் படிவு ஒருநாள் வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுமானால், அக்குழாயை நம்பியிருந்த தசை மடியத் தொடங்குகிறது. அதனையே மாரடைப்பு என்கிறோம்.

இனி, நடப்பதால் என்ன நேர்கிறது என்று பார்ப்போம். நாள்தோறும் விரைந்து நடப்பவரின் இதயத் தசை பயிற்சி பெறுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அது கூடுதலான இரத்தத்தைச் செலுத்துகிறது. ஆகவே ஓய்வாக இருக்கும்போது குறைவாகத் துடித்தாலே போதும். ஒருவருடைய நாடி 75இலிருந்து 65ஆகக் குறைந்தால் ஒரு நாளைக்கு 14,400 துடிப்புகள் மிச்சமாகின்றன. இரண்டாவதாக, இரத்தம் விரைந்து ஓடும்போது குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. இதயக் குழாய்களில் இவ்வாயுவின் பணியைக் கண்டறிந்தமைக்காகவே 1998ஆம் ஆண்டில் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர் ஒழுங்காக நடந்தால் மேல் எண் ஐந்து முதல் எட்டுப் புள்ளி வரை இறங்கக்கூடும். மூன்றாவதாக, இயங்கும் தசை இன்சுலின் துணையை அதிகம் எதிர்பாராமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நான்காவதாக, நல்ல கொழுப்பு சற்றே உயர்ந்து, முக்கொழுப்பு குறைகிறது. இத்தனை நன்மைகளையும் ஒருசேரத் தரவல்ல ஒரே மாத்திரை எந்த மருந்தகத்திலும் கிடைப்பதில்லை.

படியேறியவரும் அமர்ந்திருந்தவரும்

இவ்வுண்மையை உலகுக்கு முதன்முதலில் எண்களால் காட்டியவர் ஜெர்ரி மோரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர். இலண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறி இறங்குவார். இருவரும் ஒரே நிறுவனத்தில், ஒரே வாகனத்தில் பணிபுரிபவர்கள். ஆயினும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தாலும் உயிர் பிழைத்தோர் அதிகமாக இருந்தனர். இம்முடிவை அவர் 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். 'ஓட்டுநர்கள் இயல்பிலேயே பருத்தவர்களாக இருந்திருக்கலாமே' என்று சிலர் ஐயுற்றனர். மோரிஸ் விடவில்லை. நிறுவனம் தைத்துக்கொடுத்த சீருடைகளின் இடுப்பளவை எல்லாம் எடுத்து ஆராய்ந்தார். ஒல்லியானவராயினும் பருத்தவராயினும் படியேறிய நடத்துநருக்கே பாதுகாப்பு அதிகம் என்று கண்டார். தாமும் தவறாமல் உடற்பயிற்சி செய்துவந்த அப்பெரியார் 99 வயதுவரை வாழ்ந்து 2009ஆம் ஆண்டில் மறைந்தார்.

அன்பர்களே, பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படிகள் உள்ளன என்பதை நாம் அறிவோம். அந்த நடத்துநர்கள் நாள்தோறும் அந்த மலையை ஏறியதற்கு ஒப்பாகும்! நாம் ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பூசத்தன்று ஏறுகிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, கடுமையாக உடலை வருத்திய அடுத்த ஒரு மணி நேரத்திற்குள் மாரடைப்பு தோன்றும் அபாயம், வாரத்தில் ஐந்து முறையேனும் பயிற்சி செய்பவருக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கே உயர்ந்தது. ஆண்டு முழுவதும் அமர்ந்தே இருந்தவருக்கோ அது நூறு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குரிய அபாயம் மிகச் சிறியது என்பதால் இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இதன் பொருள் தெளிவு. ஓராண்டு முழுவதும் நடவாதவர், காவடி எடுக்கும் நாளில் மட்டும் உடலை வருத்தலாகாது. விரதம் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே நடையையும் தொடங்கிவிடுங்கள். நாற்பது வயதைக் கடந்தவரும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவரும் காவடிக்கு முன் மருத்துவரைக் காண்பது நேர்த்திக்கடனுக்கு எவ்வகையிலும் குறைவு ஆகாது.

சென்னையில் ஒரு குடியிருப்பு

'அறிவுரை சொல்வது எளிது, செய்து காட்டியவர் யார்?' என்று நீங்கள் கேட்கலாம். நம்மவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். சென்னையில் ஆசியாட் குடியிருப்பு என்றொரு நடுத்தர மக்கள் வாழும் பகுதி உண்டு. நீரிழிவு மருத்துவ நிபுணர் வி. மோகன் அவர்களின் குழுவினர் 1990களின் பிற்பகுதியில் அங்கு ஆய்வு நடத்தி, நோயின் அளவைக் கண்டு, உடற்பயிற்சியின் தேவையைக் குடியிருப்போருக்கு எடுத்துரைத்தனர். மக்கள் கேட்டுவிட்டுக் கலைந்து போகவில்லை. நடப்பதற்கு இடமில்லை என்பதை உணர்ந்து, தங்களுக்குள்ளேயே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டனர். முன்பு அங்கே 14.2 விழுக்காட்டினரே உடற்பயிற்சி செய்துவந்தனர். பின்னர் அது 58.7 விழுக்காடாக உயர்ந்தது.

பயன் என்ன? பத்தாண்டுகளில் அக்குடியிருப்பில் நீரிழிவு 12.4 விழுக்காட்டிலிருந்து 15.4 ஆக மட்டுமே உயர்ந்தது. அதே நகரில், அத்தகைய முயற்சி நடைபெறாத பாரதி நகர் என்னும் எளிய மக்களின் குடியிருப்பிலோ 6.5 விழுக்காட்டிலிருந்து 15.3 ஆக, இரு மடங்குக்கும் மேலாகப் பெருகிவிட்டது. சென்னையிலேயே மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் செய்த மற்றோர் ஆய்வின் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை அவர்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்தனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். நாளும் அரைமணி நேரம் நடந்து, உணவையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் 39.3 விழுக்காட்டினரே ஆளாயினர். நம்மைப் போன்ற உடல்வாகும் நம்மைப் போன்ற உணவுப் பழக்கமும் கொண்ட தமிழ் மண்ணில் கிடைத்த சான்றுகள் இவை.

எவ்வளவு செய்ய வேண்டும்?

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும். நாளைக்கு அரைமணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மிதமான உழைப்பு என்பதை அறிய எளிய வழி உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே தக்க வேகம். இத்துடன் வாரத்தில் இரு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்து அமர்வதும் அத்தகைய பயிற்சியே.

நாளைக்குப் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண் 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி அளக்கும் கருவியின் பெயரிலிருந்து பரவியதாகும். சராசரி 72 வயதுடைய ஏறத்தாழ பதினேழாயிரம் பெண்களிடம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ-மின் லீ நடத்திய ஆய்வு 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாளைக்கு 2,700 அடி நடந்தவரைக் காட்டிலும் 4,400 அடி நடந்தவர் ஆய்வுக் காலத்தில் இறந்த விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் அப்பயன் பெரிதாக உயரவில்லை. ஆகையால் பத்தாயிரம் முடியாது என்று மனந்தளர்ந்து வீட்டிலிருக்கும் தாய்மார்கள், நாலாயிரத்தில் தொடங்கலாம்.

புதிதாகத் தொடங்குவோர் முதல் வாரம் பத்து நிமிடம், இரண்டாம் வாரம் பதினைந்து நிமிடம் என்று மெல்ல ஏற்றுங்கள். நண்பகல் வெயிலையும் புகைமூட்டக் காலத்தையும் தவிர்த்திடுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர் பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். பாதம் மரத்துப்போன நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலுடன் நடக்கலாகாது. நடந்து முடித்ததும் உள்ளங்காலைப் பார்ப்பது அவர்களுக்குக் கடமை. உடல் பழகிய பின் இளைஞர்கள் புக்கிட் மெர்தாஜாம் செரோக் தோக்குன் மலைக்குச் சென்று ஏறலாம்.

அலட்சியம் வேண்டாம்

நடை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. புகைப்பவர் நடந்தாலும் புகையை விட்டாக வேண்டும். மருத்துவர் தந்த மாத்திரையை 'நான்தான் நடக்கிறேனே' என்று நிறுத்திவிடக் கூடாது. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றினால் உடனே நின்றுவிடுங்கள்.

நெஞ்சு நடுவில் பாரம் வைத்தாற்போன்ற வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை மாரடைப்பின் அடையாளங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல், களைப்பும் மூச்சு வாங்கலும் மட்டும் தோன்றுவதுண்டு. நம் வீடுகளில் இதனை 'வாயு' என்று சொல்லி, இஞ்சித் தண்ணீர் கொடுத்து, தைலம் தேய்த்துப் படுக்க வைக்கும் வழக்கம் இருக்கிறது. விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்த வீடுகளில் சில, விடியலைக் காணவில்லை. அடைப்பை நீக்கும் சிகிச்சை முதல் சில மணி நேரத்தில்தான் பெரும்பயன் தரும். உடனே 999 எண்ணை அழையுங்கள். நோயாளி தாமே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லலாகாது.

நம் ஆலயம் என்ன செய்யலாம்?

நிறைவாக, நிர்வாகக் குழுவினர் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஆசியாட் குடியிருப்பு மக்கள் புதிதாகப் பூங்கா அமைக்க வேண்டியிருந்தது. நமக்கோ இறையருளால் வளாகம் முன்பே இருக்கிறது.

முதலாவது, மாலைப் பூசைக்கு முன் ஒரு மணி நேரம் ஆலய வளாகத்தை நடைப்பயிற்சிக்கு ஒதுக்குங்கள். வளாகத்தின் வெளிச்சுற்றை ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். ஒரு சுற்று 100 மீட்டராக இருந்தால் பத்துச் சுற்று ஒரு கிலோமீட்டர். விரைந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மதிலுக்கு வெளியே செருப்பணிந்து நடக்க வழி செய்தால் நீரிழிவு உள்ளவர்களும் அச்சமின்றிக் கலந்துகொள்வர்.

இரண்டாவது, அந்த நேரத்தில் போதிய விளக்கு வெளிச்சம் இருக்கட்டும். நம் பெண்கள் நடக்க மறுப்பது சோம்பலால் அன்று. சாலையில் தனியே நடக்கப் பாதுகாப்பும் துணையும் இல்லை என்பதே காரணம். மகளிர் பகுதியினர் குழுவாக வந்தால் அத்தடை நீங்கும். வீட்டு வேலையே போதாதா என்று கேட்கும் தாய்மார்கள், அவ்வேலையில் மூச்சு சற்றே வாங்குமளவுக்கு விரைந்து இயங்கும் நேரம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, மாதத்திற்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். தமக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர்.

நான்காவது, அன்னதானத்தைப் பற்றியது. இனிப்பையும் எண்ணெயையும் சிறிது குறைத்து, காய்கறியைச் சிறிது கூட்டினால் பக்தி குறையாது.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். உங்கள் தந்தையாரிடம் 'நடங்கள் அப்பா' என்று சொல்லாதீர்கள். 'வாங்கப்பா, நடந்துவிட்டு வருவோம்' என்று கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். சொன்னால் கேளாதவர்கள், உடன் அழைத்தால் வருவார்கள்.

அடுத்த ஆண்டு திருவிழாவில் இதே மண்டபத்தில் நாம் கூடும்போது, எவரும் குறையாமல் அனைவரும் நலமுடன் கூட வேண்டும். அதற்கு இறைவன் அருள் ஒருபுறம் இருக்க, நம் கால்களும் தம் பங்கைச் செய்ய வேண்டும்.